வெளிச்சம் இருக்கு, ஒண்ணும் தெரியல

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது ராத்திரி 11 மணிக்கு மேல் அப்பா மோட்டார் போடக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். எங்கள் கொல்லை, அதாவது நிலம், கடலூர்ப் பக்கம் நெல்லிக்குப்பத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டிலிருந்து மோட்டார் கொட்டகைக்கு நடந்தால் பத்து நிமிஷம், அதில் பாதி தூரம் ஒரு பக்கம் கரும்பு, இன்னொரு பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிவிட்டுக் குவித்துப் போட்ட கொடி, நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவு வரப்பு. மும்முனை கரண்ட் எந்த நேரத்துக்கு வருகிறதோ அந்த நேரத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அவர் கையில் இருந்தது நான் வாங்கிக் கொடுத்த சின்ன எல்.ஈ.டி. டார்ச், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், நல்ல வெளிச்சம் என்று நம்பித்தான் வாங்கினேன். பாதி வழியில் நின்று டார்ச்சை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: "வெளிச்சம் இருக்குடா, ஒண்ணும் தெரியல."

அவர் சொன்ன பிறகுதான் நானும் தரையைச் சரியாகப் பார்த்தேன். நடுவில் கண் கூசுகிற நீல வெள்ளையில் ஒரு பொட்டு, அதைச் சுற்றி அழுக்கு மஞ்சளில் ஒரு வளையம், அதற்கும் வெளியே ஊதா கலந்த மங்கல். மூன்றும் வரப்பின் மேல் ஆடிக்கொண்டே வந்தன. மண், காய்ந்த மல்லாட்டைக் கொடி, கரும்புச் சோகை எல்லாம் பகலில் வேறு வேறு பழுப்பு, அந்த வெளிச்சத்தில் ஒரே சாம்பலாகக் கிடந்தன. கண்ணாடி விரியன் உடம்பும் அந்தப் பழுப்புதான். கொடிக்குள் ஒன்று சுருண்டு படுத்திருந்தால் நாங்கள் இரண்டு பேருமே பார்த்திருக்க மாட்டோம். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை, மோட்டார் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம், ஆனால் எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. அட்டையில் லூமன், அதாவது மொத்த வெளிச்சத்தின் அளவு, எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்கினேனே தவிர, அந்த வெளிச்சம் எப்படி விழுகிறது, என்ன நிறத்தில் விழுகிறது என்று ஒரு தடவைகூடச் சுவரில் அடித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் இருட்டியதும் வீட்டிலிருந்த டார்ச் எல்லாவற்றையும் திண்ணையில் எடுத்து வைத்தேன். மொத்தம் ஏழு. மாட்டுக் கொட்டகைச் சுவர் சுண்ணாம்பு அடித்தது, சாயம் எதுவும் கலக்காத வெள்ளை, இந்த வேலைக்கு அதைவிட நல்ல சுவர் கிடையாது. ஒரு மீட்டர் தள்ளி நின்று ஒவ்வொன்றாக அடித்தோம். ஒன்றில் நடுவில் கறுப்பு ஓட்டை. ஒன்றில் பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம். ஒன்று சதுரமாக விழுந்தது. சாவிக்கொத்து டார்ச் முழுக்க நீலம், ஓரம் மட்டும் மஞ்சள். ஒன்று மட்டும் பச்சை கலந்த வெள்ளை. அப்பா அதுவரைக்கும் "சைனா டார்ச்னா அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஏழும் ஏழு விதமாக இருப்பதைப் பார்த்ததும் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்த வேலை இது, இன்னும் முடியவில்லை. இதற்குள் கொஞ்சம் கற்றுக்கொண்டேன், அதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். வெள்ளை எல்.ஈ.டி. என்று நாம் சொல்வது உள்ளுக்குள் ஒரு நீல எல்.ஈ.டி.தான். பளிச்சென்ற நீலத்தை எல்.ஈ.டி.யில் கொண்டுவரப் பல வருஷம் ஆயிற்று, ஜப்பானில் நிச்சியா கம்பெனியில் வேலை பார்த்த ஷுஜி நகமுரா 1993-இல் அதைச் செய்து காட்டினார், அந்த நீலத்துக்காக அவருக்கும் அகசாகி, அமனோ ஆகிய இருவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். எல்.ஈ.டி.க்குள் ஒளி விடுகிற குட்டித் துண்டுக்குச் சில்லு என்று பெயர். அந்த நீலச் சில்லின் மேல் பாஸ்பர் என்கிற மஞ்சள் பூச்சைப் பூசினால் நீலத்தில் ஒரு பங்கு மஞ்சளாக மாறும், மாறாத நீலமும் மாறிய மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். 1996-இலிருந்து கடைக்கு வந்த வெள்ளை எல்.ஈ.டி. இந்த வகைதான். எல்.ஈ.டி.யை அணைத்துவிட்டு உற்றுப் பாருங்கள், நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு தெரியும், அது அந்தப் பூச்சு.

சரி, வளையம் எங்கிருந்து வருகிறது? கொசுவலையை நேராகப் பார்த்தால் அந்தப் பக்கம் இருப்பது தெரியும், சாய்த்துப் பார்த்தால் துணி மாதிரி அடர்த்தியாகிவிடும், இல்லையா? அதே கதைதான். சில்லிலிருந்து நேராக மேலே கிளம்புகிற ஒளி பூச்சைக் குறைந்த தூரத்தில் கடந்துவிடுகிறது, அதனால் நீலம் தூக்கலாக இருக்கும். சாய்வாகக் கிளம்புகிற ஒளி பூச்சுக்குள் கூடுதல் தூரம் போக வேண்டியிருக்கிறது, அதனால் மஞ்சள் ஏறிவிடுகிறது. ஆக ஒவ்வொரு எல்.ஈ.டி.க்குள்ளும் நடுவில் நீலம், பக்கவாட்டில் மஞ்சள் என்று கொஞ்சமாவது இருக்கத்தான் செய்யும். பூச்சை ஒரே சீராகப் பூசிய எல்.ஈ.டி.யில் இது கண்ணுக்குப் படாது, அவசரத்தில் ஒரு சொட்டு விட்டது மாதிரி பூசியதில் பளிச்சென்று தெரியும்.

இதில் எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது ஒன்று. ரிஃப்ளெக்டர், அதாவது எல்.ஈ.டி.யைச் சுற்றிப் பளபளப்பான கிண்ணம், வைத்த சில டார்ச்சில் நடுப்பொட்டு மஞ்சளாகவும் சுற்றிலும் நீலமாகவும், அதாவது தலைகீழாக விழும். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். நேராக வருகிற நீல ஒளி ரிஃப்ளெக்டரைத் தொடாமலே விரிந்து வெளியே போய்விடுகிறது, பக்கவாட்டில் போகிற மஞ்சள் ஒளியைத்தான் ரிஃப்ளெக்டர் பிடித்து நடுவில் குவிக்கிறது. கண்ணாடி மாதிரி வழவழப்பான ரிஃப்ளெக்டராக இருந்தால் குவிப்பது கூர்மையாக இருக்கும், நிறக் கறையும் கூர்மையாகத் தெரியும். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும் ரிஃப்ளெக்டரைச் சிலர் மட்டமானது என்று ஒதுக்குகிறார்கள், அது வேண்டுமென்றே அப்படிச் செய்தது, நிறங்களைக் கலந்து விடத்தான்.

கலந்து விடுவது என்று எழுதும்போது அம்மா நினைவுக்கு வருகிறார். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூரைப் போட்டுப் புரட்டிய பிறகு மஞ்சக்குப்பத்தில் நாங்கள் இருந்த தெருவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. ஒன்பது சின்ன எல்.ஈ.டி. வைத்த ஒரு டார்ச்தான் ராத்திரிக்கு. அதைக் கூரையைப் பார்க்க நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்தினால் அறை முழுக்க வெளிச்சம் பரவும் என்று யாரோ சொன்னார்கள். வைத்தோம், சுவரெல்லாம் கோடு கோடாக நீலமும் மஞ்சளும் விழுந்தது. அம்மா பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டுப் பால் விட்டார். அவ்வளவுதான், பாட்டில் முழுக்க மெத்தென்று ஒரே வெள்ளையாக ஒளிர்ந்தது, அந்த வெளிச்சத்தில் கண் வலிக்காமல் படித்தேன். பாலில் இருக்கும் நுண்ணிய கொழுப்புத் துளிகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன என்று அப்போது தெரியாது. இந்த வேலை முழுவதற்கும் அந்த ஒரு சொட்டுப் பால்தான் அடிப்படை. வளையமும் கறையுமாக விழுகிற டார்ச்சில் வெள்ளைக்கு வேண்டிய நீலமும் மஞ்சளும் குறையாமல் இருக்கின்றன, ஒரே இடத்தில் விழாமல் தனித்தனியாக விழுகின்றன. கலந்துவிட்டால் போதும்.

கலப்பதற்கு நான் முயன்று பார்த்தவை பல. செல்லோ டேப் ஒட்டினால் பளபளப்பான டேப்பில் ஒன்றும் நடக்காது, எழுதினால் பேனா பிடிக்கிற மங்கலான டேப் வேண்டும், அது பரவாயில்லை, ஆனால் டார்ச் சூடானால் ஓரம் சுருண்டு பசை ஒழுகுகிறது. டிரேசிங் பேப்பர் வெளிச்சத்தை ரொம்பவே தின்றுவிடுகிறது, தவிர ஒரு மழைக்குத் தாங்காது. கடைசியில் அமைந்தது ஸ்டிக்கர். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டிக்கு நம்பர் ஒட்டிக் கொடுக்கிற ஒரு கடையில் போய், "அண்ணே, ஆபீஸ் கண்ணாடிக்கு ஒட்டுற ஃப்ராஸ்ட் ஸ்டிக்கர்ல வெட்டிப் போட்ட துண்டு ஏதாச்சும் இருக்கா" என்று கேட்டேன். "எடுத்துக்கப்பா, குப்பைக்குப் போறதுதான்" என்று ஒரு கை நிறையக் கொடுத்தார். இருபது டார்ச்சுக்குக் காணும்.

ஒட்டுகிற முறை சுலபம், ஆனால் பொறுமை வேண்டும். டார்ச் முன்மூடியைத் திருகிக் கழற்றினால் கண்ணாடி தனியாக வந்துவிடும், கண்ணாடியை ஸ்டிக்கர் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே வெட்ட வேண்டும். கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு ஒட்டினால் நகர்த்தி நகர்த்தி நடுவில் உட்கார வைக்கலாம், பிறகு பழைய ஏ.டி.எம். கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் தண்ணீரும் காற்றும் வெளியே வந்துவிடும். ஒரு நாள் காயவிட்ட பிறகே மாட்டுங்கள், ஈரத்தோடு மூடினால் உள்ளே ஆவி கட்டிக்கொள்ளும். ஸ்டிக்கர் பக்கம் உள்ளே இருப்பதுதான் நல்லது. நான் முதல் டார்ச்சில் வெளியே ஒட்டினேன், அப்பா சட்டைப் பையில் போட்டு எடுத்ததில் இரண்டே வாரத்தில் ஓரம் பிய்ந்துவிட்டது.

இப்படிச் செய்தால் வெளிச்சம் தூரம் போகாது, அதைச் சொல்லிவிடுகிறேன். கூர்மையான நடுப்பொட்டு கரைந்து அகலமாகிவிடும், ஐம்பதடி தள்ளித் தென்னை உச்சியைப் பார்க்க இது உதவாது. வரப்பில் நடக்கிறவருக்குக் காலடியிலிருந்து பத்தடிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் வேண்டும், அதற்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஸ்டிக்கரைக் கண்ணாடி முழுக்க ஒட்டாமல் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம் வெட்டி விட்டும் பார்த்தேன், ஓரளவு தூரமும் கிடைக்கிறது, கறையும் குறைகிறது, ஆனால் எனக்கு முழுக்க ஒட்டியதுதான் பிடித்தது.

சாவிக்கொத்து டார்ச்சிலும் ஒன்பது எல்.ஈ.டி. டார்ச்சிலும் இருப்பது 5 மில்லிமீட்டர் எல்.ஈ.டி., கொசு மாத்திரை மெஷினில் எரிகிற மாதிரி, முன்பக்கம் உருண்டையான கெட்டிப் பிளாஸ்டிக். அந்த உருண்டையே லென்ஸ், உள்ளே இருக்கிற சில்லையும் கம்பியையும் பூச்சின் திட்டுத்திட்டையும் அப்படியே சுவரில் படம் காட்டுகிறது. இதற்கு ஸ்டிக்கர்கூட வேண்டாம், வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் வைத்திருக்கிற 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து உருண்டை மேல் வட்டவட்டமாக லேசாகத் தேய்த்தால் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். பத்து நிமிஷ வேலை, கறை போயே போய்விடுகிறது. ஆனால் கவனம், இது அந்தக் கெட்டி உருண்டைக்கு மட்டும்தான். கொஞ்சம் பெரிய டார்ச்சில் சதுரத் தகட்டில் உட்கார்ந்திருக்கும் புது வகை எல்.ஈ.டி.யின் மேல் இருப்பது மெத்தென்ற சிலிக்கோன், அதில் உப்புத்தாள் என்ன, விரல்கூடப் படக் கூடாது, உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பி அறுந்துவிடும்.

சதுரமாக விழுந்த டார்ச் ஜூம் வகை, தலையை இழுத்தால் குவியும், தள்ளினால் விரியும். அதில் ரிஃப்ளெக்டரே கிடையாது, குவிந்த லென்ஸ் ஒன்றுதான், முழுக்க இழுத்தால் எல்.ஈ.டி. சில்லின் படமே சுவரில் விழும், சில்லு சதுரம் என்பதால் வெளிச்சமும் சதுரம். ஓரத்தில் நீலமும் ஆரஞ்சும் கோடு கட்டுவது, லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே அளவு வளைக்காததால். அதில் கெட்டுப்போனது எதுவும் இல்லை, இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் சரியாகிவிடும்.

பிறை மாதிரி விழுந்தது எல்.ஈ.டி. நடுவில் உட்காராததால். முன்மூடியைத் திறந்து ரிஃப்ளெக்டர் ஓட்டைக்குள் பார்த்தாலே மஞ்சள் பொட்டு ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பது தெரியும். தகட்டைக் கொஞ்சம் நகர்த்தி, ஓட்டைக்கும் எல்.ஈ.டி.க்கும் நடுவில் தடித்த அட்டையில் வளையம் வெட்டிப் போட்டேன். ரிஃப்ளெக்டர் உலோகமாக இருந்தால் இந்த வளையத்தைப் போடாமல் மூடவே கூடாது, அது ஈயம் வைத்த இடத்தைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

கறுப்பு ஓட்டை விழுந்ததுதான் எனக்கு ரொம்பப் பிரியமான டார்ச், தாத்தா வைத்திருந்த மூணு கட்டை ஸ்டீல் டார்ச். பழைய குண்டு பல்பு போன பிறகு அதே மரையில் திருகுகிற எல்.ஈ.டி. பல்பு ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார்கள். அந்த ரிஃப்ளெக்டர் குண்டு பல்புக்கென்று செய்தது. உள்ளே இருக்கும் இழை ஒரு புள்ளி அளவுதான், எல்லாப் பக்கமும் ஒளி வீசும், அது ரிஃப்ளெக்டரின் குவியத்தில் சரியாக உட்கார்ந்திருக்கும். எல்.ஈ.டி. முன்பக்கம் மட்டுமே வீசும், உயரமும் வேறு. குவியத்திலிருந்து ஒளி தள்ளிப்போனால் நடுவில் ஓட்டை விழுந்து வெளிச்சம் வளையமாகிவிடும். பல்புக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்று, இரண்டு என்று போட்டுப் பார்த்தேன், மோசமானது. வாஷரை எடுத்துவிட்டு ரிஃப்ளெக்டரைத் தூக்கினேன், ஓட்டை சுருங்கிச் சுருங்கி ஒரு இடத்தில் மூடிக்கொண்டது. உங்கள் டார்ச்சில் எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பதைச் சுவரைப் பார்த்துக்கொண்டே நகர்த்தினால்தான் தெரியும்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சீராக விழாத வெளிச்சத்தைப் பற்றி. நிறமே தப்பாக இருப்பது வேறு விஷயம், இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் ஒரு மாதம் வீணடித்தேன். அப்பாவின் டார்ச்சுக்கு ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு வளையம் போய்விட்டது, சுவரில் அழகாக விழுந்தது, கொல்லைக்குப் போய்ப் பார்த்தால் மண்ணும் சோகையும் இன்னும் சாம்பல்தான். காரணம் அதில் சிவப்பே போதவில்லை. நீலமும் மஞ்சளும் கலந்தால் சுண்ணாம்புச் சுவரில் வெள்ளையாகத் தெரியும், ஆனால் பழுப்பு பழுப்பாகத் தெரிய வேண்டுமானால் வெளிச்சத்திலேயே சிவப்பு இருக்க வேண்டும். இல்லாததைக் கலந்து கொண்டுவர முடியாது.

நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். மெழுகுவர்த்தி 1900 பக்கம், பழைய குண்டு பல்பு 2700, நடுப்பகல் வெயில் 5500 பக்கம், எண் ஏற ஏற நீலம். விலை குறைந்த டார்ச்சுகள் பெரும்பாலும் 6500 அல்லது அதற்கு மேல், ஏனென்றால் அதே கரண்டுக்கு அதில்தான் லூமன் கூட வரும், அட்டையில் பெரிய எண் போடலாம். இது தவிர சி.ஆர்.ஐ. என்று ஒன்று இருக்கிறது, பொருளின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு, 100 உச்சம். சாதாரண எல்.ஈ.டி. 70 பக்கம் இருக்கும், 90-க்கு மேல் என்று கேட்டு வாங்கினால் வெற்றிலைக் கறைக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியும். லூமன் குறையும், குறையட்டும்.

நான் செய்தது எல்.ஈ.டி.யையே மாற்றியது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் 1 வாட், 3 வாட் எல்.ஈ.டி. அலுமினியத் தகட்டோடு தனியாகக் கிடைக்கும், "வாம் ஒயிட்" (மஞ்சள் சாயல் வெள்ளை) என்று கேட்க வேண்டும். வெள்ளையானாலும் வாம் ஒயிட்டானாலும் அடியில் இருப்பது அதே நீலச் சில்லு என்பதால் இரண்டுக்கும் வேண்டியது சுமார் 3 வோல்ட்தான், டார்ச்சின் மற்றப் பாகம் எதையும் தொட வேண்டியதில்லை. பழையதன் இரண்டு ஒயரையும் ஈயம் உருக்கி எடுத்துவிட்டு, எது பிளஸ் எது மைனஸ் என்று குறித்துக்கொண்டு, அடியில் ஹீட் சிங்க் பேஸ்ட் மெல்லிசாகத் தடவி, புதியதை வைத்தேன். பேஸ்ட் வைக்காமல் விட்டால் சூடு இறங்காமல் சில்லு சீக்கிரம் போய்விடும். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் மறுபடி வரப்பில் நடந்தோம். செம்மண் கட்டி செம்மண்ணாக இருந்தது. ஓணான் ஒன்று வேலியில் தூங்கிக்கொண்டிருந்ததை அப்பா முதலில் பார்த்தார். இன்னொரு லாபம், பூச்சிகள் மொய்ப்பது குறைந்தது, அவற்றுக்கு நீல வெளிச்சம்தான் இழுப்பு.

ஈயம் வைக்கத் தெரியாதவர்கள் கோயில் திருவிழாவில் டியூப் லைட்டுக்குச் சுற்றுகிற கலர் ஜெலட்டின் பேப்பரில் வெளிர் மஞ்சளோ வெளிர் ஆரஞ்சோ ஒரு துண்டு வெட்டி உள்ளே வைக்கலாம். அது சிவப்பைச் சேர்க்காது, நீலத்தை வெட்டும், அதனால் மொத்த வெளிச்சம் குறையும், இருந்தாலும் கண் கூசல் குறைந்து நிழல்கள் தெளிவாகும். பச்சை அடிக்கிற டார்ச்சுக்கு மஞ்சள் பேப்பர் உதவாது, வெளிர் ரோஸ் வேண்டும். சினிமாக்காரர்கள் விளக்குக்கு முன்னால் மாட்டுகிற மைனஸ் கிரீன் ஃபில்டரும் இந்த ரோஸ் சாயல்தான். என்னிடம் இருந்த பச்சை டார்ச் மங்கலாக வைத்தால்தான் ரொம்பப் பச்சை, முழுசாகப் போட்டால் குறைகிறது, சில எல்.ஈ.டி.கள் கரண்ட் குறைந்தால் அப்படி நிறம் மாறும், அதனால் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் ஊதா மினுக்குகிறதே என்று சிலர் கவலைப்படுவார்கள், அது வெளிச்சம் திரும்பி வராமல் இருக்கப் போட்ட பூச்சு, கறை கிடையாது.

புதிதில் நன்றாக இருந்து போகப்போக நிறம் மாறுவதற்குக் காரணம் வேறு. ஒன்பது எல்.ஈ.டி. டார்ச்சைத் திறந்து பார்த்தால் பலவற்றில் கரண்டை மட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர்கூட இருக்காது, மூன்று சின்ன பென்சில் செல்லின் 4.5 வோல்ட்டை நேராகக் கொடுத்திருப்பார்கள். 5 மில்லிமீட்டர் எல்.ஈ.டி.க்கு 20 மில்லி ஆம்பியர்தான் கணக்கு, புது செல் போட்ட அன்றைக்கு அதைத் தாண்டிவிடும், ஒன்பதும் ஒரே அளவு இழுக்காது, கூடுதலாக இழுப்பது முதலில் சாகும். சாவதற்கு முன் பூச்சும் பிளாஸ்டிக்கும் கருகி நிறம் மாறும். சில வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் சில ஊர்களில் தெருவிளக்குகள் ஊதாவாக மாறியதே, அதுவும் பூச்சு உரிந்து அடியில் இருக்கும் நீலம் வெளியே தெரிந்ததால்தான்.

அடுத்தது பசை. கடல் காற்று உள்ளே போகக் கூடாது என்று ஒரு டார்ச்சின் கண்ணாடி ஓரத்தில் செருப்புத் தைக்கிற இடத்தில் வாங்கிய ரப்பர் பசையைத் தடவி இறுக்கி மூடினேன். மூன்று வாரத்தில் நடுவெளிச்சம் பழுப்பேறிவிட்டது, எல்.ஈ.டி. உருண்டை டீ விட்ட மாதிரி இருந்தது. பசையிலிருந்து கிளம்பும் ஆவி சிலிக்கோனுக்குள் ஊறிவிடுகிறது, மூடிய இடத்தில் நீல ஒளியும் சூடும் பட்டு அது பழுப்பாகிறது. இது திரும்பக்கூடியது என்று படித்ததும் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, முன்மூடி இல்லாமல் ஜன்னலோரம் வைத்து நாலு நாள் சாயங்காலம் இரண்டிரண்டு மணி நேரம் எரியவிட்டேன். முக்கால்வாசி தெளிந்துவிட்டது. சட்டென்று ஒட்டுகிற பசையும் ஆகாது, அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். நீர் புகாமல் இருக்க ரப்பர் ஓ-ரிங்கும் அதில் துளி சிலிக்கோன் கிரீஸும் போதும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையும் பெருக்கெடுத்தபோது எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த டார்ச் முழுகிவிட்டது. காய வைத்ததும் எரிந்தது, ஆனால் ரிஃப்ளெக்டரில் தண்ணீர்ச் சொட்டு காய்ந்த தடம் அப்படியே சுவரில் விழுந்தது. பனியன் துணியால் துடைத்தேன், அதுதான் தப்பு. அந்தப் பளபளப்பு பிளாஸ்டிக்கின் மேல் படிய வைத்த அலுமினியம், கண்ணால் அளக்க முடியாத அளவு மெல்லியது, துடைத்த இடமெல்லாம் கோடு. பேட்டரிக்கு விடுகிற டிஸ்டில்டு வாட்டரை விட்டு அலசி, தொடாமல், உதறிக் காயவிட்டிருக்க வேண்டும். அந்த ரிஃப்ளெக்டருக்கு முன்னாலும் இப்போது ஃப்ராஸ்ட் ஸ்டிக்கர்தான் இருக்கிறது, கோடு எதுவும் வெளியே தெரியவில்லை.

வாங்கும்போதே பார்த்து வாங்கலாமே என்றால், புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் பகல் 12 மணிக்குப் போய்ப் பிரயோஜனமில்லை, வெயிலில் எல்லா டார்ச்சும் ஒன்றுதான். நான் ஆறரைக்கு மேல் போகிறேன், சட்டைப் பையில் ஒரு வெள்ளைத் தாளை மடித்து எடுத்துப் போகிறேன், தாளை ஒரு அடி தள்ளிப் பிடித்து அடித்துப் பார்க்கிறேன். முதலில் வளையமும் ஓட்டையும். அப்புறம் உள்ளங்கையில் அடித்து, தோல் உயிரோடு தெரிகிறதா, செத்த உடம்பு மாதிரி தெரிகிறதா என்று. இரண்டு மூன்றைப் பக்கத்துப் பக்கத்தில் அடித்துப் பார்த்தால்தான் சாயல் பிடிபடும், ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அரை நிமிஷத்தில் அதற்குப் பழகி வெள்ளை என்று சொல்லிவிடும். போனில் படம் எடுத்து ஒப்பிடுகிறவர்கள் ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு எடுங்கள், ஆட்டோவில் விட்டால் போன் தானாகவே நிறத்தைத் திருத்திவிடும். கடைக்காரர்கள் ஒரே மாடலில் நாலு எடுத்துக் கொடுத்தால் தயங்காமல் நாலையும் அடித்துப் பாருங்கள், ஒரே பெட்டியில் இருப்பவைகூட ஒரே நிறத்தில் இருக்காது.

ஏழில் ஆறு இப்போது சரியாக இருக்கின்றன. அப்பாவின் டார்ச்சில் ஸ்டிக்கரை வெளிப்பக்கத்திலிருந்து எடுத்து உள்ளே மாற்ற வேண்டும், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் செய்துவிடுவேன். தாத்தாவின் டார்ச்சில் ரிஃப்ளெக்டரைத் தூக்கி நிறுத்த இப்போதைக்குச் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம் இருக்கிறது, சூட்டில் அது இளகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.